கையால் நிரப்பிய 9 எம்எம் தோட்டாவின் உதை, ஃபேக்டரி தோட்டாவின் உதையோடு ஒத்துப்போவது எப்படி?

பார்வதிபுரம்_டெக்சாஸ் எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் நாகர்கோவில் பார்வதிபுரம். 11 வருடமாக டெக்சாஸில் வேலை. ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். நாலு நாளாக மழை விடவில்லை, வெளியே எங்கும் போக முடியவில்லை. அதனால் ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே கேட்கிறேன்.

அங்கே மாதம் இரண்டு தடவை பிஸ்டல் போட்டிக்குப் போவேன். யூஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் விதிப்படி நடக்கும் போட்டி. போட்டி நாளில் கடையில் வாங்கிய 124 கிரெய்ன் ஃபேக்டரி தோட்டா (கிரெய்ன் என்பது சின்ன எடை அலகு, இங்கே குண்டின் எடை). பயிற்சிக்கு நானே வீட்டில் நிரப்பும் 115 கிரெய்ன் தோட்டா. அந்தக் குண்டு, அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி, மொத்தமாக மலிவு விலையில் கிடைத்தது, அதனால் அதையே தொடர்ந்தேன்.

இரண்டையும் குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளந்தேன். ஃபேக்டரி தோட்டா என் பிஸ்டலில் நொடிக்கு சராசரி 1085 அடி. என்னுடையது 1170 அடி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குண்டின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வேகத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர். ஃபேக்டரிக்கு 134.5. எனக்கும் 134.5. புள்ளிக்குப் புள்ளி சரி.

ஆனால் கைக்கு அது சரியில்லை. என்னுடையது வெடுக்கென்று அடிக்கிறது. ஃபேக்டரி ஒரு தள்ளு தள்ளி நிற்கிறது. பயிற்சியில் கை 115-க்குப் பழகிவிடுவதால், போட்டியன்று முதல் இரண்டு ஸ்டேஜில் (சுற்றில்) இரட்டைச் சூட்டின், அதாவது ஒரே இலக்கில் அடுத்தடுத்துச் சுடும் இரண்டில், இரண்டாவது குண்டு இடம் மாறிப் போகிறது. மூன்றாவது ஸ்டேஜில்தான் கை திரும்ப வழிக்கு வருகிறது. கணக்கு ஒன்றாக இருக்கும்போது கை ஏன் வேறு சொல்கிறது?

மார்த்தாண்டம்_இயற்பியல் எழுதியது:

தம்பி, நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. 26 வருடம் பள்ளியில் இயற்பியல் எடுத்தவன். ஆனாலும் உங்கள் கணக்கில் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார் என்பது தெரிகிறது.

குளச்சலில் கரைக்கு வந்த வள்ளத்திலிருந்து ஒருவர் முன்பக்கம் குதித்தால் வள்ளம் பின்னால் நகரும். இரண்டு பேர் குதித்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து நகரும். பிஸ்டலிலிருந்து குதிப்பது குண்டு மட்டுமில்லை. எரிந்த வெடிமருந்தும் வாயுவாகக் குதிக்கிறது. அதுவும் குண்டைவிட மூன்று நாலு மடங்கு வேகத்தில். உங்கள் பவர் ஃபேக்டர் குண்டை மட்டும்தான் எண்ணுகிறது.

வாயுவின் வேகத்தை இந்த மாதிரிக் கணக்குகளில் தோராயமாக நொடிக்கு 4000 அடி என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு தோட்டாவில் 4.2 கிரெய்ன் மருந்து என்றால் வாயுவின் பங்கு அதே அலகில் 16.8. இன்னொன்றில் 6.2 கிரெய்ன் என்றால் 24.8. குண்டின் பங்கு இரண்டிலும் 134.5. கூட்டிப் பாருங்கள்: 151.3, 159.3. ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. உங்கள் குரோனோகிராஃப் இதைக் காட்டவே காட்டாது.

நீங்கள் எவ்வளவு மருந்து போடுகிறீர்கள், அது வேகமாக எரிவதா மெதுவாக எரிவதா?

பார்வதிபுரம்_டெக்சாஸ் எழுதியது:

சார், நீங்கள் சொன்ன இரண்டாவது கணக்குக்குப் பக்கத்தில்தான் வருகிறேன். மெதுவாக எரியும் மருந்து, 6 கிரெய்னுக்கு மேல். மெதுவான மருந்து என்றால் உதையும் மெதுவாக இருக்கும் என்று நினைத்து வாங்கியது.

தக்கலை_ஆர்மரர் எழுதியது:

தம்பி, நிறைய பேர் தடுக்கி விழும் இடம் அது. ராணுவத்தில் 22 வருடம் ஆயுதப் பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எரியும் வேகம் என்பது பேரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழலுக்குள், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடியும் சமாச்சாரம். அந்த வித்தியாசத்தை மனிதக் கை தனியாகப் பிரித்து உணராது. கை உணர்வது மொத்த உந்தம், வாய்முனையில் வெளியேறும் வாயுவின் அடி, சத்தம், நெருப்பு, அப்புறம் ஸ்லைடின், அதாவது பிஸ்டலின் மேல்பாகத்தில் முன்னும் பின்னும் ஓடும் துண்டின், ஆட்டம். மெதுவான மருந்தை நிறையப் போட்டு லேசான குண்டை வேகமாக விட்டால் குண்டு பேரலை விட்டு வெளியேறும் நேரத்தில் வாயு அழுத்தம் இன்னும் மிச்சம் இருக்கும். அதுதான் அந்த வெடுக். கனமான குண்டு, வேகமாக எரியும் மருந்து கொஞ்சமாக: இதுதான் மெதுவாகத் தள்ளும். போட்டிக்காரர்களில் பலர் 147 கிரெய்ன் குண்டை நொடிக்கு 900 அடிக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுவது இதனால்தான். பவர் ஃபேக்டர் 132 வருகிறது, கைக்கும் பூ மாதிரி இருக்கும்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது மெதுவான உதை இல்லை, *அதே* உதை. ஆகவே 147-க்கும் போகாதீர்கள். போட்டியில் 124 சுடுகிறீர்கள் என்றால் பயிற்சியிலும் 124. முதலில் எடையை ஒன்றாக்குங்கள். அது செய்யாமல் மற்றது எதைச் செய்தாலும் பிரயோஜனம் இல்லை.

குளச்சல்_கரைமடி எழுதியது:

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஃபேக்டரி தோட்டா ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கும் மருந்தை நிறுத்துப் பார்த்து, அதே அளவு போட்டால் வேலை முடிந்ததே? எதற்கு இவ்வளவு சுற்று?

தக்கலை_ஆர்மரர் எழுதியது:

மக்கா, அதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

தோட்டாத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கடையில் டப்பாவில் விற்கும் மருந்தைப் போடுவது இல்லை. மொத்தமாக வாங்கும் மருந்து, ஒவ்வொரு தொகுதிக்கும் அழுத்தத்தை அளந்து அளவை மாற்றிக்கொள்வார்கள். பார்க்க ஒரே மாதிரி சாம்பல் நிறத் தட்டையான துகளாக இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு வேகமாக எரியலாம். பெயர் தெரியாத மருந்தின் எடையைப் பெயர் தெரிந்த மருந்துக்குப் போட்டால் பிஸ்டல் கையிலேயே பிளக்கும்.

9 எம்எம் தோட்டாவுக்கு அமெரிக்காவில் தோட்டாக்களுக்குத் தரம் நிர்ணயிக்கும் சாமி (SAAMI) அமைப்பு வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. மருந்தும் குண்டும் இருக்கும் பித்தளைக் கூட்டின் நீளம் 19 மில்லிமீட்டர்தான், உள்ளே இடம் மிகக் குறைவு. குண்டு அரை மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறங்கினாலே அழுத்தம் தாவி ஏறும். ஆகவே வழி ஒன்றுதான். மருந்து செய்பவரோ குண்டு செய்பவரோ சோதித்து அச்சிட்ட கையேடு. அதில் உள்ள ஆரம்ப அளவிலிருந்து தொடங்கி, கிரெய்னில் பத்தில் ஒரு பங்காக ஏறி, உச்ச அளவுக்கு முன்பே நின்றுவிடுவது. உதை ஒத்துப்போகவில்லை என்று கையேட்டின் வரம்பைத் தாண்டக் கூடாது. ஒத்துப்போகாவிட்டால் வேறு மருந்து தேடுங்கள்.

வேகமான மருந்தில் இன்னொரு ஆபத்து. அளவு கொஞ்சம், கூடு பாதிகூட நிறையாது. தவறி இரண்டு தடவை போட்டாலும் வெளியே வழியாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்த பிறகே குண்டை வைக்க வேண்டும். மருந்தே விழாமல் போனால் பிரைமர் (கூட்டின் அடியில் தீப்பொறி தரும் சின்னப் பொருள்) மட்டும் குண்டைத் தள்ளிப் பேரலுக்குள் சிக்க வைக்கும். ‘பொத்’ என்று ஒரு சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த குண்டு சுட்டால் பேரல் வீங்கும், அல்லது வெடிக்கும். என் பணிக்காலத்தில் அப்படி வீங்கிய பேரல் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் மறக்கவில்லை.

நம்ம புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டி லனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்து, அந்தக் கோட்டையில்தான் பீரங்கி வார்க்கும் பட்டறையை நடத்தினார். அவர் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கிக்காரருக்கு மருந்தளவில் கை பிசகினால் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஆரல்வாய்மொழி_காற்றாலை எழுதியது:

நல்ல விவரமான இழை. ஒரு கேள்வி: இதை நம்ம ஊரில் வீட்டில் செய்ய முடியுமா?

நாகர்கோவில்_வழக்கறிஞர் எழுதியது:

முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, தோட்டா தயாரிக்கத் தனியாக உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்குப் போதாது. மீறினால் கடும் சிறை. அதோடு 9 எம்எம் இங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு. உரிமம் உள்ளவர்கள் கையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் .32.

பார்வதிபுரம் தம்பிக்கும் ஒன்று. திரும்பிப் போகும்போது மட்டுமில்லை, வரும்போதும் பையின் ஓரங்களைக் கவனமாகப் பாருங்கள். ரேஞ்சுக்கு (சுடுதளத்துக்கு) கொண்டுபோகும் பையையே பயணத்துக்கும் எடுத்து வந்து, அடியில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. திருவனந்தபுரம் போகும் முன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள்.

பார்வதிபுரம்_டெக்சாஸ் எழுதியது:

நன்றி சார். ரேஞ்சுப் பை டெக்சாஸிலேயே இருக்கிறது. இருந்தாலும் கொண்டுவந்த பையையும் இன்று ராத்திரியே உதறிவிடுகிறேன்.

கோட்டாறு_25மீட்டர் எழுதியது:

அண்ணா, நான் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன், .32 எஸ்அண்ட்டபிள்யூ லாங் வாட்கட்டர் (தட்டை மூக்குக் குண்டு உள்ள) தோட்டா. நாங்கள் நிரப்புவது இல்லை, வெளிநாட்டுத் தோட்டாதான். ஆனால் நீங்கள் சொல்லும் பிரச்சனை எங்களுக்கும் உண்டு. ஒரு நிறுவனத்தின் தோட்டாவில் பழகிவிட்டு இன்னொன்றுக்கு மாறினால் முதல் பெட்டி முடியும் வரை கை குழம்பும்.

இந்தப் போட்டியில் முதல் 30 குண்டு நிதானமாக, அடுத்த 30 ரேப்பிட், அதாவது வேகச் சுற்று. ரேப்பிடில் இலக்கு 3 நொடிதான் காட்டும், ஒவ்வொரு தடவையும் கையைத் தாழ்ந்த நிலையிலிருந்து ஏற்றி ஒரு குண்டு. ஒரு குண்டுதானே, உதை எப்படி இருந்தால் என்ன என்று நினைத்திருந்தேன். என் பயிற்சியாளர் சொன்னது: உதை வரப்போகிறது என்று மனம் எதிர்பார்க்கும் அளவுக்குத் தக்கபடி விரல் முன்பே இறுகும். எதிர்பார்ப்பு மாறினால் விரல் மாறும். உதை குண்டு போன பிறகுதான் வருகிறது, ஆனால் அதன் பயம் குண்டுக்கு முன்பே வந்துவிடுகிறது.

இந்தப் போட்டியில்தான் ஜஸ்பால் ராணா 2006 தோகா ஆசிய விளையாட்டில் 590 எடுத்துத் தங்கம் வென்றார். 60 குண்டில் 10 புள்ளிதான் இழப்பு. அந்த எண்ணை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே மாதிரித் தோட்டா, ஒரே மாதிரிப் பிடி என்று எங்களைச் சொல்லிச் சொல்லி வளர்ப்பது ஏன் என்று இந்த எண்ணைப் பார்த்தால் புரியும்.

மார்த்தாண்டம்_இயற்பியல் எழுதியது:

அருமையாகச் சொன்னாய் மகளே.

டெக்சாஸ் தம்பி, இன்னொரு சந்தேகம். அந்த 1085, 1170 இரண்டையும் ஒரே நாளில் அளந்தீர்களா?

பார்வதிபுரம்_டெக்சாஸ் எழுதியது:

இல்லை சார். குறிப்பேட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன், இப்போது பார்த்தேன். ஃபேக்டரியை அளந்தது ஆகஸ்ட் மதியம், 38 டிகிரி. என்னுடையதை அளந்தது ஜனவரி காலை, 5 டிகிரி. அதுவும் ஐந்தே ஐந்து குண்டு.

மார்த்தாண்டம்_இயற்பியல் எழுதியது:

அப்படியானால் 134.5-ம் 134.5-ம் ஒன்று என்று சொல்ல முடியாது. வெப்பநிலை மாறினால் மருந்து எரியும் விதம் மாறும், எவ்வளவு மாறும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். உங்களுடையதை ஆகஸ்டில் அளந்திருந்தால் 1190-கூட வந்திருக்கலாம். அப்போது உங்கள் கை முதலிலேயே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஒரே நாள், ஒரே மணி, ஒரே பிஸ்டல். ஃபேக்டரி ஒன்று, உங்களுடையது ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுட்டு, குறைந்தது பத்துப் பத்து. சராசரியோடு சிதறலையும், அதாவது வேகம் குண்டுக்குக் குண்டு எவ்வளவு மாறுகிறது என்பதையும், எழுதுங்கள். பெட்டியின்மேல் அச்சிட்ட வேகத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவர்களின் சோதனைப் பேரலில் வந்தது, உங்கள் பேரல் நீளம் வேறு.

தக்கலை_ஆர்மரர் எழுதியது:

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மருந்து குறைவாக உள்ள கூட்டில் அது எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதும் வேகத்தை மாற்றும். முனையைக் கீழே சாய்த்துவிட்டு உயர்த்தினால் மருந்து குண்டின் பக்கம் போய்க் கிடக்கும். பிரைமர் பக்கம் கிடந்தால் ஒரு வேகம், குண்டின் பக்கம் கிடந்தால் வேறு வேகம். அளக்கும்போது ஒவ்வொரு குண்டுக்கும் பிஸ்டலை ஒரே மாதிரி உயர்த்துங்கள்.

இனி ஸ்லைடு. கை உணர்வது ஒரே உதை இல்லை, மூன்று. குண்டு போகும்போது ஒன்று. ஸ்லைடு பின்னால் போய் ஃபிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த சட்டத்தில்) மோதும்போது ஒன்று. ஸ்பிரிங் அதைத் திருப்பி முன்னால் தள்ளி அடைக்கும்போது இன்னொன்று, இது முனையைக் கீழே இழுக்கும். ஸ்லைடும் பேரலும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் உங்கள் தோட்டாவுக்கு அது நொடிக்கு சுமார் 6 மீட்டர் வேகத்தில் பின்னால் கிளம்பும். வாயுவின் பங்கு கூடினால் அந்த வேகமும் கூடும், இரண்டாவது மோதல் பலமாக இருக்கும். நீங்கள் வெடுக் என்று சொல்வதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

ஸ்பிரிங்கை எப்போது மாற்றினீர்கள்? தளர்ந்த ஸ்பிரிங் சின்ன வித்தியாசத்தையும் பெரிதாக்கிக் காட்டும். புது ஸ்பிரிங் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். பயிற்சிக்கு ஒரு ஸ்பிரிங், போட்டிக்கு ஒரு ஸ்பிரிங் என்று மட்டும் போகாதீர்கள்.

குண்டின் மேல்பூச்சையும் பாருங்கள். ஃபேக்டரியில் இருப்பது செம்புக் கவசம் போட்ட உருண்டை மூக்கு என்றால் நீங்களும் அதையே வாங்குங்கள். பூச்சு போட்ட ஈயக் குண்டு பேரலில் குறைவாக உரசும், குறைந்த மருந்திலேயே அதே வேகம் வரும். அது நல்ல குண்டுதான், ஆனால் கையேட்டில் அதற்கான பக்கம் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது.

குளச்சல்_கரைமடி எழுதியது:

அண்ணாச்சி, கேட்டது நல்லதாகப் போயிற்று. கோயிலில் கதினா (இரும்புக் குற்றியில் மருந்து கிட்டித்து வெடிப்பது) வெடிக்கும்போது நிலமே அதிரும், குற்றி மட்டும் அப்படியே நிற்கும். உதை எங்கே போகிறது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். பூமி வாங்கிக்கொள்கிறது என்று இப்போது புரிகிறது. பிஸ்டலில் அதை வாங்க மணிக்கட்டும் தோளும்தான் இருக்கின்றன.

பார்வதிபுரம்_டெக்சாஸ் எழுதியது (7 வாரம் கழித்து):

எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

திரும்பி வந்ததும் முதலில் ஸ்பிரிங்கை மாற்றினேன். அப்புறம் 124 கிரெய்ன் கவசக் குண்டு, ஃபேக்டரியில் உள்ள அதே உருண்டை மூக்கு. மருந்து, வேகத்தில் நடுத்தரமானது. கையேட்டின் ஆரம்ப அளவில் பத்து, பத்தில் ஒரு பங்கு ஏற்றிப் பத்து, இப்படி ஐந்து படி. தோட்டாவின் மொத்த நீளம் கையேட்டில் சொன்னபடியே. நாலாவது படியில் வேகம் ஒத்துவந்தது, உச்ச அளவுக்கு இன்னும் இடம் இருக்கும்போதே.

ஒரே காலை, மாற்றி மாற்றிப் பத்துப் பத்து: ஃபேக்டரி சராசரி 1081, என்னுடையது 1078. சிதறல் 9, 11. பவர் ஃபேக்டர் 134.0, 133.7. போட்டியின் கீழ்வரம்பு 125 என்பதால் குளிர்காலத்திலும் கவலை இல்லை.

அப்புறம் நானாகவே ஒரு சோதனை வைத்தேன். நண்பர் ஒருவர் மேகசீன்களை எனக்குக் காட்டாமல் நிரப்பினார், ஃபேக்டரியையும் என்னுடையதையும் கலந்து. ஒவ்வொரு குண்டுக்கும் எது என்று சொல்ல வேண்டும். முதலில் பழைய 115: 24-இல் 21 சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டும் தெரிகிறது. பிறகு புது 124: 24-இல் 13. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும். அந்த 13-ஐக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி. முதல் ஸ்டேஜில் எட்டு இலக்கு, இரட்டைச் சூடு. இரண்டாவது குண்டு எட்டில் ஏழு நடுப் பகுதியில்.

ஒரு வித்தியாசம் மட்டும் மிச்சம் இருக்கிறது. சாயங்கால வெளிச்சத்தில் என்னுடையதில் வாய்முனையில் நெருப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. கைக்கு எதுவும் தெரியவில்லை.

தக்கலை_ஆர்மரர் எழுதியது:

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. நெருப்பை விட்டுவிடுங்கள். ஃபேக்டரி மருந்தில் நெருப்பை அடக்கும் உப்பு சேர்ப்பது உண்டு, கடை மருந்தில் எல்லாவற்றிலும் இருக்காது. இரவுப் போட்டிக்குப் போகாதவரை அதனால் ஒன்றும் இல்லை.

மருந்து டப்பாவின் மேல் உள்ள தொகுதி எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த டப்பா திறக்கும்போது அதே அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், இரண்டு படி இறங்கி மறுபடி ஏறி வாருங்கள். மிச்சம் இருக்கும் 115 குண்டுகளை என்ன செய்யப் போகிறீர்கள்?

பார்வதிபுரம்_டெக்சாஸ் எழுதியது:

1400 குண்டு மிச்சம் இருக்கிறது அண்ணாச்சி. ரேஞ்சில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் போட்டிக்கும் பயிற்சிக்கும் 115-தான் சுடுகிறான், அவனும் நிரப்பக் கற்றுக்கொள்கிறான். அவனிடம் கொடுத்துவிட்டேன். கூடவே அவன் ஃபேக்டரி தோட்டாவில் பத்தையும் குரோனோகிராஃபையும் எடுத்துக்கொண்டு வரும் சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன்.

கோட்டாறு_25மீட்டர் எழுதியது:

அண்ணா, காட்டாமல் நிரப்பும் அந்தச் சோதனையை எங்கள் பயிற்சியாளரிடம் சொன்னேன். அடுத்த வாரம் இரண்டு நிறுவன வாட்கட்டரை வைத்து எங்களுக்கும் செய்கிறார். எத்தனை சரி வந்தது என்று இங்கே எழுதுகிறேன்.